வயலுக்குள் வராத செருப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் முன்னால் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அது வராது. நாலு பேர் என்னையே பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள். அஞ்சாம் வகுப்பு எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

போன வாரம் உங்கள் பயிற்சி அறையைச் சுற்றிக் காட்டினீர்கள். பக்கவாதம் வந்து கால் வராமல் போனவரைப் படுக்க வைத்தால், ஒரு மெஷின் அவர் முழங்காலை மடக்கி நீட்டுகிறது. இன்னொன்றில் இடுப்பில் வார் கட்டி மேலே தொங்கவிட்டு, ஓடுகிற பட்டையின் மேல் நடக்க விடுகிறீர்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நின்ற நேரம் முழுக்க ஒரே ஒரு கேள்வி உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது. இந்த ஆள் ஊருக்குப் போய் எதன் மேல் நடக்கப் போகிறார்? கேட்கக் கூச்சமாக இருந்தது, வந்துவிட்டேன். வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பக்கிரிசாமியின் நினைப்பு வந்துவிட்டது. அவரைப் பற்றிச் சொன்னால் நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

பல வருஷத்துக்கு முன்னால், கும்பகோணத்துப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் பயிற்சி அறையில் நான் ஆயா. நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது, வார் மாட்டுவது, நடக்கும்போது பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. அறையில் இருந்தது கொஞ்சம்தான். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை. உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் கயிறு, கயிற்றின் நுனியில் காலை வைக்கத் தூளி மாதிரி ஒரு துணி. மணல் மூட்டைகள். தரையோடு முடுக்கிய ஒரு சைக்கிள்.

பயிற்சி கொடுத்தவரை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். கோபக்காரர். சாமி கும்பிட மாட்டார். நெற்றி நிறைய விபூதியோடு வருகிற நோயாளியைக் கேலி செய்துகொண்டே அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

பக்கிரிசாமி குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பதைத் தாண்டியிருப்பார். பங்குனியில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, பேச்சும் லேசான குழறலோடு வந்தது. கால் மட்டும் வரவில்லை. அவர் மனைவி அஞ்சலை கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

அவரை மாதிரி ஓர் இடத்தில் தரிக்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. சைக்கிளில் ஏற்றினால் இறங்க மாட்டார். "எவ்வளவு மிதிச்சாலும் ஊரு வரலியே அக்கா" என்பார். நல்ல கையால் கயிற்றை இழுத்தால் கப்பி வழியாக வராத கால் மேலே எழும்பும் அல்லவா, அதைக் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இழுத்துக்கொண்டே இருப்பார். மாஸ்டர் கத்துவார்.

"யோவ், கைதான் இழுக்குது, காலு சும்மா தொங்குது. கால தூக்கணும்னு நெனைய்யா!"

"நெனச்சா வந்துடுமா சார்? ராப்பகலா அதத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்தவர் ஒன்றை மட்டும் செய்யவே இல்லை. மரக்கட்டைகளுக்கு நடுவில் நின்று, நல்ல காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, வராத காலில் ஒரு நொடி நிற்க வேண்டும். மாட்டார். நல்ல கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு கையும் கட்டையை நெரிக்கும்.

"அந்தக் கால நம்புய்யா" என்பார் மாஸ்டர்.

"என்னைய ஒரு தடவை கீழ தள்ளுன காலு சார் அது."

ஏன் இப்படிப் பறக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு நாள் குழாயடியில் துணி அலசும்போது அஞ்சலைதான் சொன்னாள்.

அவர்கள் பயிர் செய்வது குத்தகை நிலம். பக்கிரிசாமியின் அப்பா அதே நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். புதுச் சட்டம் வந்த பிறகு குத்தகை இவர் பேரில் பதிவானது. நிலத்துக்காரருக்கு அதில் சம்மதமில்லை. இவர் விழுந்ததும் நிலத்துக்காரரின் ஏஜெண்டு தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். ஆள் படுத்துவிட்டான், தானாகச் சாகுபடி செய்யவில்லை, மச்சானுக்கு உள்குத்தகைக்கு விட்டுவிட்டான், ஆகவே குத்தகையை ரத்து செய்ய வேண்டும் என்று. தாசில்தார் நேரில் வந்து வயலில் பார்க்கப் போகிறார்.

"தம்பி ஏர் ஓட்டிக் குடுத்தான், அது தப்பாங்கக்கா? அக்கா புருசன் படுத்தா யாரு ஓட்டுவா?" என்று அஞ்சலை துணியை ஓங்கிக் கல்லில் அடித்தாள். "நிலம் போச்சுன்னா திரும்ப அவங்க களத்துல போயி கை கட்டி நிக்கணும். இவரு அதுக்கு உசுரோட இருக்க மாட்டாரு."

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் இதே பேச்சுதான். ஒரு முனையில் சங்கத்துக் கொடி, இன்னொரு முனையில் ஆட்சிக்காரர்கள் கொடி, அறுவடை என்றால் போலீஸ் லாரி. சட்டம் குத்தகைக்காரன் பக்கம் என்று மேடையில் சொல்வார்கள். அந்தச் சட்டம் ஊருக்குள் நடந்து வர நாளாகும். நானும் பண்ணையாள் வீட்டில் பிறந்தவள்தான். அஞ்சலை சொல்லச் சொல்ல எனக்குக் கை ஓடவில்லை.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே பட்டறைக்குப் போய் நின்று அந்தச் செருப்பைச் செய்ய வைத்தார். செருப்பு என்று பக்கிரிசாமி சொல்வார், உண்மையில் அது ஒரு கனத்த தோல் பூட்ஸ். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி மேலே போகும், முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் பட்டையில் சேரும். கணுக்காலில் ஒரு ஸ்பிரிங். கால் வராதவர்களுக்கு முன்பாதம் தொங்கும், நடந்தால் விரல் தரையில் இடறி விழுவார்கள். ஸ்பிரிங் அந்த முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

மாட்டியதும் மனிதர் நடந்தார். அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, கேட் வரைக்கும். டக், டக் என்று சிமெண்டுத் தரை அதிர்ந்தது.

"போலீஸ்காரரு வாராருன்னு நெனச்சேன்" என்றாள் அஞ்சலை. மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாசில்தார் வருகிற நாள் வந்தது. என் ஊர் அந்த வழிதான் என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார் மாஸ்டர். கூண்டு வண்டியில் போனோம். வயலுக்கு நேர் வழி நிலத்துக்காரர்கள் இருக்கிற பெரிய தெரு வழியாகத்தான். வண்டி தெரு முனையில் திரும்பி, வாய்க்கால் கரையோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஏன் சுத்துது?" என்று கேட்டேன்.

"அந்தத் தெருவுல நம்ம ஆளுங்க செருப்பு போட்டு நடந்தது இல்லக்கா. இவரு காலுல பாத்தீங்கல்ல, ஒரு இரும்புக் கடையே இருக்கு."

"ஆட்சிதான் மாறிப்போச்சே."

"ஏஜெண்டு இடுப்புல கரை வேட்டி மாறியிருக்கு. தெரு அப்படியேதான் இருக்கு" என்றாள்.

வயல் உழுது சேறாகக் கிடந்தது. தண்ணீர் பளபளத்தது. அஞ்சலையின் தம்பி சேற்றை மட்டமாக்க மரத்தை இழுத்துப் பரம்படித்துக்கொண்டிருந்தான். ஏஜெண்டு குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். கூடவே ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் தலையாரியும். தாசில்தாரைக் காணோம். வெயில் ஏறியது. ஜீப் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும், பார்த்தால் ரைஸ்மில். பக்கிரிசாமி உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். தம்பி பரம்படித்ததில் ஒரு மூலை மேடாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலைய இழுடா" என்றார். அவனுக்குக் கேட்கவில்லை.

வரப்பில் உட்கார்ந்து செருப்பின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். கல் ஏதாவது புகுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். கழற்றி என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நான் "அண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் வயலில் இறங்கிவிட்டார்.

இரண்டு அடி போயிருப்பார். முன்பாதம் தொங்கியது, விரல் சேற்றில் குத்தியது, ஆள் முகம் குப்புற விழுந்தார். அஞ்சலையும் தம்பியும் பாய்ந்து தூக்கினார்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் சேறு.

ஏஜெண்டு குடையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன பக்கிரி, பரம்படிக்கிறியா? பரம்பு மரம் எங்க, நீயே படுத்து இழுக்குறியா?"

ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் ஒருவர் வந்து, தாசில்தார் வேறு ஊருக்குப் போய்விட்டார், அடுத்த வாரம்தான் வருவார் என்று சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. ஏஜெண்டு மட்டும், "வரட்டும் வரட்டும். அன்னிக்கும் இதே மாதிரி படுத்துக் காட்டு" என்றார்.

மறுநாள் மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பக்கிரிசாமியைக் கூப்பிட்டு வைத்துக் குதித்தார்.

"எதுக்குய்யா கழட்டுன? யாரு கழட்டச் சொன்னா? அந்த ஏஜெண்டு நிக்கிறானேன்னு பயமா? இன்னும் எத்தன காலத்துக்குய்யா அவன் முன்னாடி செருப்பக் கழட்டுவீங்க? இதுக்கா நாங்க ஊர் ஊரா மீட்டிங் போட்டோம்?"

பக்கிரிசாமி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"அவனுக்குக் கழட்டல சார்."

"பின்ன?"

"வயலுங்க."

"வயலுன்னா?"

"வயல்ல எப்படி சார் செருப்போட எறங்குறது?"

மாஸ்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. வயலில் கால் வைக்கும்போது செருப்பு வரப்பில் கிடக்கும், அவ்வளவுதான். சேறு பிடுங்கும் என்பதற்காக மட்டும் அல்ல. வரப்பில் கிடந்த பத்து ஜோடிச் செருப்பையும் கேட்டுப் பாருங்கள், எதுவும் உள்ளே போயிருக்காது.

"உன் நிலம் போகப்போகுதுய்யா! ஒரு நாளைக்குப் போட்டா என்ன?" என்றார் மாஸ்டர்.

அஞ்சலை குறுக்கே வந்தாள். "அவரு தலையே போனாலும் மாட்டாரு சார். எனக்குத் தெரியும்."

"அப்ப இதுவும் ஒரு அடிமைத்தனந்தான். ஏஜெண்டுக்குப் பதிலா மண்ணுக்கு."

பக்கிரிசாமி அப்போதுதான் நிமிர்ந்தார். பேச்சு குழறும் என்று சொன்னேன் அல்லவா. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தெருவுல கழட்டச் சொன்னா கழட்ட மாட்டேன் சார். வயல்ல போடச் சொன்னா போட மாட்டேன்."

மாஸ்டர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு ஆசையாகச் செய்தது. பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளா இந்தாளு எதுல நடக்கப் போறாருன்னு நான் கேக்கவே இல்லம்மா. சிமெண்டுல நடக்கவெச்சிட்டேன்" என்றார். தப்பு என்று தெரிந்ததும் அதில் உட்கார்ந்து அழுகிற ஆள் அல்ல அவர். உடனே எழுந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. அறைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் போகிற இடத்தைக் கொத்தச் சொன்னார். தண்ணீர் விட்டுச் சேறாக்கினோம். மரக்கட்டைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சேற்றில் நட்டார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன சார் இது, ஆஸ்பத்திரியா, நாத்தங்காலா?"

"வெதச்சிருக்கேன். மொளச்சதும் சொல்லியனுப்புறேன், போங்க" என்றார் மாஸ்டர்.

தன் ஷூவைக் கழற்றினார். பேண்ட்டைச் சுருட்டினார். மனிதர் அதற்கு முன்னால் சேற்றில் கால் வைத்ததே இல்லை என்று இறங்கின மறு நொடியே தெரிந்தது. வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பக்கிரிசாமி கட்டையைப் பிடித்தபடி, "அந்தக் கால நம்புங்க சார்" என்றார். மாஸ்டர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னதும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

செருப்பு இல்லாமல் முன்பாதத்தைத் தூக்க வேண்டும். மாஸ்டர் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டினார். ஒரு நுனியைப் பாதத்துக்கு அடியில் வளையமாகச் சுற்றி, மறு நுனியை முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையில் கட்டினார். ரப்பர் இழுக்க, பாதம் தூக்கிக்கொண்டது. ஆனால் சேற்றில் இறங்கியதும் வளையம் தோலை அறுத்தது. என் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்துக் கொடுத்தேன். அப்புறம் முழங்காலில் கட்டிய பட்டை ஈரத்தில் வழுக்கிக் கீழே இறங்கியது. இறுக்கினால் கால் வீங்கியது. மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அரைஞாண்ல கட்டுங்க சார், அது எங்கயும் போவாது" என்றாள் அஞ்சலை.

அரைஞாண் கயிற்றைக் கேலி பண்ணுகிறவர் மாஸ்டர். ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு பட்டையிலிருந்து ஒரு நாடாவைத் தொடையோடு மேலே கொண்டுபோய் அரைஞாணில் முடிந்தார். இறங்கவில்லை. "இதுக்காவது ஒதவுதே" என்று முணுமுணுத்தார்.

ஒவ்வொரு நாளும் சேற்றில்தான் பயிற்சி. அவசரத்தில் டியூப் அறுந்தது, தைத்தோம். விழுந்தார், தூக்கினோம். நடக்க வந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும், வராத காலில் நிற்பது மட்டும், கடைசி வரைக்கும் வரவில்லை. சேற்றிலும் நல்ல காலை எடுக்க மாட்டார், இழுத்துத்தான் வைப்பார். "திரும்பும்போது அதுதான் வேணும். இல்லன்னா விழுவாரு" என்று மாஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

தாசில்தார் இந்த முறை வந்துவிட்டார். மாஸ்டரால் வர முடியவில்லை. வேறொரு நோயாளிக்கு உடம்பு மோசமாக இருந்தது. நான்தான் போனேன்.

வயலில் நடவு முடிந்திருந்தது. தாசில்தார் களைத்துப்போன மனிதராக இருந்தார். ஷூவோடு ரோட்டிலேயே நின்றார். ஏஜெண்டு பக்கத்தில் குடையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எறங்கி அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் தாசில்தார்.

பக்கிரிசாமி செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டியூபை மாட்டினார். நாடாவை இழுத்துப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"சார், கம்பு ஊனுறான் பாருங்க" என்றார் ஏஜெண்டு.

"மண்வெட்டி இல்லாம எவன்யா வயலுக்குப் போறான்?" என்றார் தாசில்தார். "காலுல என்ன அது ரப்பரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. நல்லவேளை, அஞ்சலை சொன்னாள்: "ஆஸ்பத்திரில குடுத்ததுங்க. பாதத்தத் தூக்கிப் பிடிக்கிறதுங்க. நடக்குறது அவருதாங்க."

இறங்கினார். நட்ட பயிரை மிதிக்காமல் வரப்போரமாகவே போனார். வராத கால் முன்னால், நல்ல கால் இழுத்துக்கொண்டு பின்னால். ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் பாதத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கியது. நான் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். பாதி வயல் போனார். நின்றுவிட்டார்.

நின்றவர் நகரவில்லை. தலையைக் குனிந்து வரப்பைப் பார்த்தபடி நின்றார்.

"அவ்வளவுதான் சார், பேட்டரி தீந்துபோச்சு" என்றார் ஏஜெண்டு.

அஞ்சலை என் கையைப் பிடித்தாள். போங்கண்ணே, போங்கண்ணே என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை. குனிந்தார். குனியவே கூடாது என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குனிந்து, இடது கையால் சேற்றை வாரினார். வரப்பில் ஏதோ ஓட்டையில் திணித்தார். இன்னும் ஒரு கை வாரித் திணித்தார். நிமிர்ந்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். ஊன்றிக்கொண்டு நல்ல காலைத் தூக்கி, அந்தச் சேற்றின் மேல் ஓங்கி ஓங்கி மிதித்தார்.

நல்ல காலைத் தூக்கி. பிள்ளைகளே, புரிகிறதா? வராத காலில் நின்றுகொண்டு. எத்தனை நாள் கெஞ்சியும் நிற்காத காலில், ஆள் முழுப் பாரத்தையும் வைத்து நின்றுகொண்டு, மிதிக்கிறார்.

மிதித்து முடித்துத் திரும்பினார். விழவில்லை. ரோட்டைப் பார்க்கவில்லை, தாசில்தாரைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் மச்சான்! நண்டு வளையில தண்ணி பூரா அடுத்த வயலுக்கு ஓடுது. கண்ணு என்ன பொடனியிலயாடா இருக்கு? நட்ட பயிரு வெயில்ல செத்துச்சுன்னா உங்கப்பனா வந்து நடுவான்?"

குழறல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சலை, "எங்கப்பன எதுக்கு இழுக்குறீங்க" என்று இங்கிருந்தே கத்தினாள்.

தாசில்தார் சிரித்துவிட்டார். ஏஜெண்டு பக்கம் திரும்பினார்.

"யாரு சாகுபடி பண்றதுன்னுதானே மனு போட்டீங்க? திட்டுறவன்தான்யா வயலுக்காரன். கர்ணம், எழுதிக்குங்க."

உத்தரவு கைக்கு வரப் பிறகும் நாளாயிற்று. வந்தது. குத்தகை நின்றது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். "நின்னானா? அந்தக் காலுலயா? சும்மா சொல்லாதம்மா" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். என்னை அந்தச் சேற்றுக்கு இழுத்துக்கொண்டு போய், எப்படி நின்றார் என்று நின்று காட்டச் சொன்னார்.

நான் அதைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். மரக்கட்டைக்கு நடுவில் அவருக்கு அந்தக் காலில் நிற்க ஒரு காரணமும் இல்லை. நாங்கள் நிற்கச் சொன்னோம், அவ்வளவுதான். வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உங்களிடம் வருகிறவர் பறக்கிறார், சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறார், மெஷினில் உட்கார மாட்டேன் என்கிறார் என்றால், முதலில் அவருக்கு எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று கேளுங்கள். வாரை அப்புறம் மாட்டலாம்.

ஆனால் அந்த நாள் வயலோடு முடியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாசில்தார் ஜீப் போன பிறகு பக்கிரிசாமி வாய்க்காலில் காலைக் கழுவினார். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான்.

"வண்டி சுத்திக்கிட்டு வரட்டும்" என்றார். "ரோட்டுக்கு வந்தாச்சு. செருப்பக் குடுங்கக்கா."

வாரை அவரே மாட்டினார். நேரமாயிற்று. மாட்டிக்கொண்டு பெரிய தெரு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, சுத்தியே போயிடலாங்க. இன்னிக்கு இது போதுங்க" என்றாள் அஞ்சலை. அவர் திரும்பவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நடந்தாள். நான் பின்னால். இடுப்பைப் பிடிக்கிற தூரத்தில்.

மத்தியான நேரம், தெரு அமைதியாகக் கிடந்தது. அதனால் சத்தம் பெரிதாகக் கேட்டது. டக், டக். ஒரு கதவு திறந்தது. இன்னொரு வீட்டில் ஒருவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். என் அப்பா இந்த மாதிரித் தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கால் தன்னால் வேகமாகப் போகப் பார்த்தது. அவரால் வேகமாக நடக்க முடியாது. அவர் பாட்டுக்கு ஒவ்வோர் அடியாக வைத்தார்.

நடுத்தெருவில் ஏஜெண்டு தன் வீட்டு வாசலில் நின்றார். எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பக்கிரிசாமியைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏம்மா ஆஸ்பத்திரி, அதக் கழட்டிட்டுப் போகச் சொல்லு. இது என்ன தெருன்னு அவனுக்குத் தெரியும்."

பக்கிரிசாமி நின்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"அது செருப்பு இல்லீங்கய்யா. வைத்தியத்துக்குப் போட்டதுங்க. அதுதாங்க அவரு காலு."

நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஏஜெண்டு கூட, வைத்தியமா, சரி போ என்கிற மாதிரி முகத்தைத் திருப்பப் பார்த்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

பக்கிரிசாமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. வழக்கம் போலக் குழறிக்கொண்டு, ஆனால் ஏஜெண்டுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"செருப்புதாங்கக்கா. செருப்புன்னே சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தார். டக், டக். தெரு முனை வரைக்கும்.

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான், பிள்ளைகளே. அதையும் அவர் திருத்திவிட்டார்.